நாகர் வந்து இறங்கிய மனை

முதல் கல் மங்கலத்தின் நெற்றியைப் பிளந்தது. இரண்டாவது கல் துப்பறியும் பகவதிப்பெருமாளின் காதோரம் பறந்து, பாதி எழும்பியிருந்த செங்கல் சுவரில் மோதிச் சிதறியது. மூன்றாவது கல்லை ஓங்கிய கை அதை எறியவே இல்லை. பகவதிப்பெருமாளின் குடை அந்தக் கையின் மணிக்கட்டில் இறங்கிவிட்டது. அந்தக் குடைக்குக் காம்பு மூங்கில் அல்ல, இரும்பு. எலும்பு முறிந்த சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"அய்யோ, என்டெ கை!"

"கத்தாதடே. இன்னொரு கை இருக்குல்லா?" என்றாள் செல்லபாய். "என்ன, இனிமே சாமி கும்பிடத்தான் கொஞ்சம் கஷ்டம்."

சொல்லிக்கொண்டே ஒரு செங்கல்லைத் தூக்கி ஓடுகிறவன் முதுகில் விட்டாள். அவன் குப்புற விழுந்து, வாயில் மண்ணோடு எழுந்து, மறுபடி ஓடினான். மணிக்கட்டு முறிந்தவனும் பின்னாலேயே ஓடினான். தெருவின் இரு பக்கமும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. இத்தனை நேரமும் அவை திறந்துதான் இருந்தன.

செல்லபாய் நாகர்கோவில் மிஷன் பள்ளியில் படித்து, டைப் அடிக்கக் கற்று, வாயை அடக்கத் தெரியாததால் ஆபீஸ் ஆபீஸாக வேலை இழந்தவள். பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் துப்பறியும் தொழில் நடத்திய பகவதிப்பெருமாள்தான் அந்த வாய்க்குச் சம்பளம் கொடுக்க முன்வந்தார்.

மங்கலம் கீழே உட்காரவில்லை. கண்ணில் இறங்கும் ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னை விடுங்க அய்யா. அவரை வெளியே கொண்டாங்க. தூக்குல போட்டுருவானுவ."

அவள் கணவர் பிச்சையா நாடார் சாலைக் கடைத்தெருவில் கருப்பட்டி மொத்த வியாபாரி. கிழக்கேகோட்டைக்குத் தெற்கே இந்த மேலக்குளத் தெருவில் ஒரு மனை வாங்கினார். கோயில் கதவு எல்லா ஜாதிக்கும் திறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தெருக்கதவு திறக்கவில்லை. வீட்டுப் பிளான் நகரசபைக்குப் போன அன்றே ஆட்சேப மனுவும் போயிற்று. கிணறு சாக்கடைக்குப் பக்கம் என்றார்கள். பிச்சையா கிணற்றை நகர்த்தினார். முன்சுவர் சாமி வாகனம் போகிற வழியை மறைக்கும் என்றார்கள். சுவரைப் பின்னுக்குத் தள்ளினார். மூன்றாவது மனுதான் விஷம். அந்த மனை பழைய பாம்புக்காவு, நாகருக்கு விட்ட தோப்பு, அரசமரத்தடியில் நாகர் சிலை இருக்கிறது, அங்கே வீடு கட்ட அனுமதி கொடுக்கவே கூடாது என்றது அது. நகரசபை அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகத் தகவல் சொல்லியிருந்தார். அந்த நாள் இன்று.

நேற்று வரை அரசமரத்தடியில் எருக்கஞ்செடியைத் தவிர ஒன்றும் இல்லை. பிச்சையா தெருவில் நின்று, "நாகர் இருந்தா காட்டுங்கவே! நானே என் கையால பிடுங்கி எறிஞ்சுட்டுப் போறேன்!" என்று கத்தினார். இன்று விடிந்தபோது நாகர் இருந்தார். அவர் காலடியில் மனைக்குக் காவலிருந்த வேலாயுதன் மண்டை கிழிந்து செத்துக் கிடந்தான். பக்கத்தில் பிச்சையாவின் கடப்பாரை.

போலீசுக்குக் கணக்கு சுலபம். சிலையைப் பிடுங்கப் பிச்சையா வந்தார், பக்திமான் வேலாயுதன் தடுத்தான், கடப்பாரை இறங்கியது. பிச்சையா இப்போது லாக்கப்பில் இருந்தார்.

"அம்மா, முகத்தை அலம்பிக்கோங்கோ."

ஒல்லியான மனிதர் ஒருவர் பித்தளைச் செம்பில் தண்ணீரும் கிழித்த வேட்டித்துணியுமாக வந்தார். பிளான் வரைகிற நாகேஸ்வரன். பிச்சையா வீட்டுப் பிளானை வரைந்தவரும், இரண்டு தடவை திருத்தியவரும் இவர்தான்.

"இந்தத் தெருவுல எங்க முகத்தைப் பாத்துப் பேசுறது இவரு ஒருத்தருதான்," என்றாள் மங்கலம்.

"எல்லாம் பஞ்சாபகேசன் மாமா பண்ற வேலை," நாகேஸ்வரன் குரலைத் தாழ்த்தினார். "மனு மூணும் அவர் கைப்பட எழுதினது. நான் சொன்னதா வெளியில சொல்லிடாதேயுங்கோ. அடுத்தடுத்த ஆத்துல இருக்கோம்." அவர் தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு வேகமாக நடந்தார்.

செல்லபாய் மங்கலத்தின் தலைக்குக் கட்டுப் போட்டாள். பகவதிப்பெருமாள் அரசமரத்தடிக்குப் போனார். காலையில் ஆஸ்பத்திரியில் வேலாயுதனின் உடலைப் பார்த்ததிலிருந்து அவர் அதிகம் பேசவில்லை.

"என்ன சாரே, பிரேதத்தைப் பாத்து மயக்கமா?"

"காயத்தைப் பாத்தியா பிள்ளே?"

"பாத்தேன். நாலு கிழிசல். நாகர் கொத்திட்டாருன்னு தெருவே பேசுது. நாலு பல்லுள்ள பாம்பு எந்த ஊர்ல சாரே இருக்கு?"

"கடப்பாரைன்னா ஒரு குழி விழும். இது வளைஞ்சு வளைஞ்சு கிழிச்சிருக்கு. கடப்பாரையில ரத்தம் இருக்கு, ஒரு மயிர்கூட ஒட்டல்லே. செத்தவன் ரத்தத்துல அதை முக்கி வச்சிருக்கான்." அவர் குனிந்தார். "வா, இவரை விசாரிப்போம்."

நாகர் முழங்கால் உயரக் கருங்கல். படம் எடுத்த ஐந்து தலை. பாதி மண்ணுக்குள் புதைந்திருந்தார். பகவதிப்பெருமாள் குடை நுனியால் அடிமண்ணைக் கிளறினார். மண்ணுக்குள் இருந்த பாகமும் பச்சையாக இருந்தது. விரலால் தடவினார். பாசி. கல்லைச் சாய்த்து அடிப்பக்கம் பார்த்தார். அங்கேயும் பாசி, அதில் பட்டாணி அளவு நத்தை ஒன்று ஒட்டியிருந்தது. உயிரோடு இருந்தது.

"காலம் காலமா மண்ணுக்குள்ள இருந்த கல்லுக்கு அடியில பாசி எப்படி பிள்ளே வரும்?"

"குளிச்சிட்டு நேரா இங்க வந்து உக்காந்திருக்காரு."

"குளிக்க வச்சிருக்கான். கல்லு நாகராகணும்னா முதல்ல ஒரு மண்டலம் தண்ணிக்குள்ள கிடக்கணும். நம்ம ஊர்ப் பக்கத்துல பிள்ளை வரம் கேட்டு நாகர் வைக்கிறவங்க எல்லாரும் செய்யுறதுதான். இந்தப் பய ஒரு வெறுங்கல்லை ராத்திரியோட ராத்திரியா நட்டிருந்தா நமக்குத் துப்பே கிடையாது. நகரசபையை ஏமாத்தத் துணிஞ்சவன், நாகரை ஏமாத்தத் துணியல்லே. பயந்துட்டான்."

"திருட்டுக் கல்யாணத்துக்கும் முகூர்த்தம் பாத்திருக்கான்!" செல்லபாய் சிரித்தாள். பிறகு நாகரின் கழுத்தைப் பார்த்தாள். படத்துக்குக் கீழே சுற்றிலும் ஒரு வளையம்போல் பாசி உரிந்து கல் தெரிந்தது. "சாரே, இது கயிறு அறுத்த தடம். தூக்குல போட்ட மாதிரி மேல இழுத்திருக்கான்."

"குளம்னா கையால தூக்கிட்டு வரலாம். கயிறு கட்டி நேரே மேல இழுக்கணும்னா?"

"கிணறு."

"எந்தக் கிணறு? இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் கிணறு இருக்கு. என்னை எவனும் கொல்லைப்பக்கம் விடமாட்டான்."

"கிணத்தைப் போய் ஏன் சாரே பாக்கணும்?" அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "நாகர் முங்கிக் கிடக்கிற தண்ணியில வாளியைப் போட எவளுக்குத் துணிச்சல் வரும்? அந்த வீட்டுக்காரி வேற எங்கயோ தண்ணி எடுத்துட்டிருப்பா. நான் பைப்படிக்குப் போறேன்."

தெருமுனையில் சர்க்கார் குழாய் வந்து சில வருஷங்கள் ஆயிற்று. மேலக்குளத் தெருவின் பெரிய வீடுகள் அதைத் தொடுவதில்லை. குழாய்க்குள் தோல் வாஷர் இருக்கிறது, செத்த மாட்டைத் தொட்ட தண்ணீர் என்று வக்கீல் பஞ்சாபகேசன் பத்திரிகைக்கே கடிதம் எழுதியிருந்தார்.

போன வேகத்தில் செல்லபாய் திரும்பி வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"பைப்படியில ஒரு மாமி. பித்தளைக் குடத்தை முந்தானைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கு, குடத்துக்குக் கர்ப்பம் மாதிரி. 'மாமி, தோல் வாஷர் தண்ணியாக்கும்'னேன். 'சத்தம் போடாதேடி, மாமா காதுல விழுந்தா என்னைக் கொன்னுடுவார்'னு ஒரே ஓட்டம்."

"எந்த வீட்டுக்குள்ள போச்சு?"

"வக்கீல் பஞ்சாபகேசன் வீட்டுக்குள்ள."

பகவதிப்பெருமாள் குடையைக் கக்கத்தில் இடுக்கினார்.

*

"அங்கேயே நில்லுங்கோ! ரெண்டு பேரும்!" வாசற்படியில் வெற்றுடம்பும் பூணூலுமாகப் பஞ்சாபகேசன் கர்ஜித்தார். எழுபது வயது, குரலுக்கு மட்டும் முப்பது. "உள்ளே கால் வெச்சா காலை வெட்டுவேன்!"

"நிக்கிறோம் சாமி," என்றாள் செல்லபாய். "இப்ப நிக்கிறதுதான் மரியாதை. போலீஸ் வந்தா பூட்ஸோட உள்ள வரும்."

"மனு எழுதினேன். ஆமாம், எழுதினேன்! அந்த நாடான் இங்கே வீடு கட்டப்படாது. நாளைக்கும் எழுதுவேன். அதுக்காக என்னைக் கொலைகாரன்னு சொல்றேளா ஓய்?"

"ஒரே ஒரு கேள்வி," என்றார் பகவதிப்பெருமாள். "நீர் குடிக்கிற தண்ணி எங்கேர்ந்து வருது?"

"இதென்ன கேள்வி? எங்காத்துக் கிணறு! மூணு தலைமுறையா அந்தக் கிணறு! குழாய்த் தண்ணி ஒரு சொட்டு என் நாக்குல பட்டிருந்தா இந்த நாக்கை அறுத்துக்கறேன்!"

உள்ளே ஒரு குடம் தரையில் விழுந்து உருண்டது.

பஞ்சாபகேசன் திரும்பினார். இடைகழியில் அவர் மனைவி அனந்தலக்ஷ்மி நின்றிருந்தாள். புடவை முன்புறம் முழுவதும் நனைந்திருந்தது.

"அறுத்துக்காதேயுங்கோ," என்றாள் அவள். "பட்டுடுத்து. ஒரு மாசத்துக்கு மேலாச்சு."

வக்கீல் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம கிணத்துல பூனை விழுந்து செத்துப்போச்சாம். உங்களுக்குத் தெரிஞ்சா புண்ணியாகவாசனம், பிராயச்சித்தம்னு ஆத்தையே தலைகீழாக்குவேள்னு... சத்தமில்லாம நானே குழாயில பிடிச்சிண்டு வந்தேன். நீங்க குளத்துல குளிக்கறேள், கொல்லைக்கே வரதில்லை."

"பூனையை நீங்க பாத்தேளா மாமி?" என்றாள் செல்லபாய்.

"பார்க்கலை. பார்க்கச் சகிக்காதுன்னு மேல பலகை போட்டு மூடிட்டா."

யார் மூடியது என்று பகவதிப்பெருமாள் கேட்கவில்லை. வக்கீலைத் தோளால் தள்ளிக்கொண்டு நேரே கொல்லைக்கு நடந்தார். காலை வெட்டுவதாகச் சொன்னவர் பின்னால் பொம்மைபோல் வந்தார்.

கிணற்றின் வாய்க்கு நடுவே மதில் ஓடியது. பாதிக் கிணறு இந்த வீட்டுக்கு, பாதி அடுத்த வீட்டுக்கு. இருபக்கமும் தனித்தனி ராட்டினம். கீழே தண்ணீர் ஒன்றுதான். பகவதிப்பெருமாள் பலகையை உதைத்துத் தள்ளி வாளியை இறக்கினார். வந்த தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. நாற்றம் இல்லை. வாளியின் விளிம்பில் ஒரு மஞ்சள் துணித்துண்டு சுற்றிக்கொண்டு வந்தது.

"பூனை மஞ்சத்துணி உடுத்திக்கிட்டா விழுந்தது?" என்றாள் செல்லபாய்.

பஞ்சாபகேசன் துணியைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவர் முகம் சாம்பலாயிற்று. "ஜலத்துல பிம்பத்தைக் கிடத்தறப்போ கட்டற துணி... நாகரை இங்கேயா..."

"மூணாவது மனுவுல நாகர் இருக்குன்னு எழுதினீரே, நீர் கண்ணால கண்டீரா?"

"நான் காணலை. சின்ன வயசுல அங்கே விளையாடறச்சே பார்த்தேன்னு சொன்னான். அவன் மாமியார் மனையாச்சே, அவனுக்குத் தெரியாதான்னு நம்பி எழுதினேன்."

"மாமி, பூனை விழுந்துதுன்னு சொன்னது யாரு?"

"அவனேதான்," என்றாள் அனந்தலக்ஷ்மி. மதிலைக் கை காட்டினாள். "அடுத்தாத்து நாகேஸ்..."

மதிலுக்கு மேலாக இரும்பு பறந்து வந்தது.

பகவதிப்பெருமாள் தலையைத் திருப்பியதால் தலை தப்பியது. தோள் தப்பவில்லை. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக்கரண்டி அது. அதன் நாலு கொக்கிகளும் சட்டையைக் கிழித்துச் சதைக்குள் இறங்கின. மறுகணம் மதிலுக்கு அப்பாலிருந்து கயிறு விறைத்தது. அவர் இழுபட்டுக் கிணற்றுச் சுவரில் மோதினார். முழங்கால் மடங்கியது. உடம்பு பாதி விளிம்பைத் தாண்டியது. குடை கைநழுவி உள்ளே விழுந்து, வெகுநேரம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

செல்லபாய் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "விடுடே பாவி! வக்கீலே, அந்தக் கயித்தைப் பிடியும்!"

வக்கீல் ஓரடி பின்வாங்கினார். கயிறு இன்னும் இழுத்தது. கொக்கி எலும்பைத் தொட்டபோது பகவதிப்பெருமாள் வாழ்க்கையில் முதல் தடவையாக அலறினார்.

அனந்தலக்ஷ்மி சமையலறைக்குள் ஓடினாள். வெளியே வந்தபோது இரண்டு கையிலும் அரிவாள்மணையைத் தூக்கியிருந்தாள். பலகையோடு அதைத் தலைக்குமேல் ஓங்கி, மதில்மேல் விறைத்து நின்ற கயிற்றில் இறக்கினாள். ஒரே வெட்டு.

அந்தப் பக்கம் ஓர் உடம்பு துவைகல்லில் மல்லாக்க விழுந்த சத்தம் கேட்டது.

செல்லபாய் தண்ணீர் வாளியோடு கிணற்று மேடையில் ஏறி மதிலைத் தாண்டிக் குதித்தாள். நாகேஸ்வரன் எழுந்துகொண்டிருந்தார். பின்மண்டை உடைந்து கழுத்தெல்லாம் ரத்தம்; கையில் தேங்காய் வெட்டும் கத்தி. பெண்டாட்டி பிறந்தகம் போயிருந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

"கிட்ட வந்தே, குடலை எடுத்துடுவேன்!"

"எடுத்து என்ன செய்யப் போறீரு, பிளான் வரையவா?"

கத்தி வீசினார். அவள் முழங்கையில் ஒரு கோடு சிவந்தது. தண்ணீரோடு வாளியை அவர் முகத்தில் அடித்தாள். மூக்கு நசுங்கியது, இரண்டு பல் துவைகல்லில் விழுந்து தெறித்தன. தடுமாறியவரை, தோளில் தொங்கும் கொக்கியோடு மதிலேறி விழுந்த பகவதிப்பெருமாள் முழு உடம்பாலும் அமுக்கினார். கத்திக் கையைத் துவைகல்லில் வைத்து, கத்தி விழுகிற வரைக்கும் அடித்தார்.

பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு தோளிலிருந்து கொக்கியைப் பிடுங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கொக்கிகள் சேரும் அடிக்கழுத்தில் காய்ந்த ரத்தம் கட்டியாக ஒட்டியிருந்தது. அதில் நரைத்த மயிர்கள்.

"என் தலை கறுப்பு," என்றார். "வேலாயுதன் தலைதான் நரை."

நாகேஸ்வரன் அழுதார். வாயில் ரத்தக் குமிழ்கள் வந்தன. "மனை என் மாமியார் பேர்ல இருந்தது. பிச்சையாவுக்கு நான்தான் வித்தேன். கொல்லத்து டாக்டருக்கு வித்ததாவும், அவர்தான் கைமாத்திட்டார்னும் இங்கே சொல்லி வெச்சிருந்தேன். வீடு எழும்பினா விஷயம் வெளியில வந்துடும், தெருவே என்னை ஒதுக்கிடும். லைசன்ஸ் கிடைக்காம போனா அவனே போயிடுவான்னுதான்... வேலாயுதன் முழிச்சிண்டுட்டான். கல்லுக் கட்டின கயித்தைப் பிடிச்சான். விடுன்னேன். விடலை. கொக்கி அந்தக் கயித்து முனையிலதான் இருந்தது."

"விலையும் வேணும், தெருவும் வேணும்," என்றாள் செல்லபாய். "காவல்காரன் மண்டைதான் மலிவா கிடைச்சுது, இல்லியா?"

*

லாக்கப் கதவு திறந்தபோது பிச்சையாவின் முதுகில் லத்தித் தடங்கள் வரி வரியாக வீங்கியிருந்தன.

"மனையை வித்தது நாகேஸ்வரன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தோளைக் குடுத்திருக்க வேண்டாமே," என்றார் பகவதிப்பெருமாள்.

"தெருவுல ஒருத்தர்கிட்டயும் சொல்லப்படாதுன்னு காலைப் பிடிக்காத குறையா கேட்டாரு. சரின்னு வாக்குல்லா குடுத்தேன்," என்றார் பிச்சையா.

சாட்சி சொன்னவர் பஞ்சாபகேசன். மூன்றாவது மனு பொய் என்று இன்ஸ்பெக்டர் முன்னால் கையெழுத்துப் போட்டார். பிறகு யாரும் கூப்பிடாமலே மனைக்கு வந்தார். நகரசபை அதிகாரி மரத்தடியைப் பார்த்து, பாசியைத் தொட்டு, குறித்துக்கொண்டு போனார். அனுமதிக்கு இனி நாகர் தடையில்லை.

மங்கலம் தலைக்கட்டோடு, கல்லடியில் சிதறிய செங்கற்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். வக்கீல் தெருவில் நின்றே பேசினார்.

"உங்க ஆத்துக்காரரைக் காப்பாத்தினது என் சாட்சி. அதுக்காக நீங்க இங்கே குடி வரதை நான் ஒத்துண்டேன்னு அர்த்தமில்லை. மறுபடியும் ஆட்சேபம் எழுதுவேன். சட்டப்படி எழுதுவேன். நான் பேனாவைத் தவிர எதையும் கையில எடுத்ததில்லை."

மங்கலம் நிமிர்ந்தாள். கட்டிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் புருவத்தில் நின்றது.

"எடுக்கல்லே சாமி. எனக்குத் தெரியும். காலையில அவனுவ கல்லெடுத்தப்ப உம்ம ஜன்னல் தொறந்துதானே இருந்துது? எவன் கையையும் நீரு பிடிக்கவும் இல்லியே."

பஞ்சாபகேசன் பதிலுக்கு வாயெடுத்தார். மங்கலம் காத்திருக்கவில்லை. அடுத்த செங்கல்லுக்குக் குனிந்துவிட்டாள்.